அயலூர் விதையும் உள்ளூர்க் காயும்

பாலெர்மோ நகரில், துறைமுகத்துக்கும் பொலித்தியாமா நாடகசாலைக்கும் நடுவே, உச்சியார்தோனெ சிறைச்சாலையை ஒட்டினாற்போல் அமைந்திருக்கும் போர்கோ வெக்கியோ என்ற பழைய பேட்டையின் சந்தையில், கோடை வந்துவிட்டால் காய்கறிக் கடைகளின் முன்வரிசையைப் பிடித்துக்கொள்வது கத்தரிக்காய்தான். உருண்டு திரண்டு வெளிர் ஊதா நிறம் கொண்டது ஒரு ஜாதி. நீண்டு கறுத்தது மற்றொன்று. சிறியவற்றைக் காம்பு அறுபடாமல் பட்டை பட்டையாகக் கீறி, காடையின் இறகு விரிந்தாற்போல் முழுசாக எண்ணெயில் பொரித்தெடுப்பது இந்நகரத்து வழக்கம். 1980களிலிருந்து ஈழத்தை விட்டு வந்து இங்கே குடியேறிய நம் ஜனங்களுக்கு இது அந்நியப் பதார்த்தமன்று. இத்தகைய சந்தைகளை நாடிப் போகிறவர்களில், மரபணு மாற்றிய பயிருக்கு அஞ்சியே உள்ளூர்க் காய் வாங்குவதாகச் சொல்லுகிறவர் எந்த தேசத்திலும் உண்டு. ஆனால் அந்த அச்சத்துக்கும் இந்த விருப்பத்துக்கும் சம்பந்தம் மிகச் சொற்பம் என்பதே என் அபிப்பிராயம். முன்னது விதை எவ்விதம் உண்டாயிற்று என்ற விசாரம். பின்னதோ, காய் எங்கே விளைந்தது, காசு யார் கைக்குப் போகிறது என்ற விசாரம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் வியாபார நோக்கத்துடன் விளைவிக்கப்படும் மரபணு மாற்றுப் பயிர் ஒன்றே ஒன்றுதான். 1998-இல் அனுமதி பெற்ற மான் 810 என்னும் அந்த மக்காச்சோளத்தில், தண்டைத் துளைக்கும் புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடி தானே சுரக்கும்படி, மண்ணில் வாழும் பாக்டீரியம் ஒன்றின் மரபணு புகுத்தப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் அது ஸ்பெயினில் விளைகிறது. இத்தாலி 2013-இல் அதையும் தடுத்தது. தடையை மீறி விதைத்த பிரியூலிப் பகுதி விவசாயிகளின் வழக்கு லக்ஸம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரையில் சென்று, கடுமையான அபாயத்துக்குச் சான்று இல்லாதபோது அவசரத் தடை செல்லாது என்று 2017-இல் தீர்ப்பாயிற்று. ஆயினும், அபாயத்தை நிரூபிக்காமலே ஒரு நாடு சாகுபடியிலிருந்து விலகிக்கொள்ள இடந்தந்த 2015-ஆம் ஆண்டு விதியைப் பற்றிக்கொண்டு இத்தாலி அதற்குள் விலகிவிட்டபடியால், விவசாயிகள் வென்றும் வயலில் மாறுதல் ஒன்றும் நேரவில்லை. ஆகவே போர்கோ வெக்கியோக் கத்தரிக்காயைக் கையில் எடுத்துப் பார்க்கிறவர் மரபணுவை எண்ணிக் கவலைப்பட வேண்டியதேயில்லை.

கத்தரிக்காய்ச் சண்டை நடந்தது நம் பக்கத்தில்தான். மேற்சொன்ன பாக்டீரியத்தின் மரபணுவையே புகுத்தி, கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பங்குகொண்டு உருவாக்கிய பி.டி. கத்தரிக்கு 2009 அக்டோபரில் மத்திய அரசின் குழு இசைவு தந்தது. ஊர் ஊராகச் சென்று பொதுஜன அபிப்பிராயம் கேட்ட அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், 2010 பிப்ரவரி 9 அன்று அதை நிறுத்திவைத்தார். பங்களாதேஷ் 2013-இல் அதே கத்தரியை அனுமதித்து, அடுத்த ஆண்டே பயிரிடத் தொடங்கிவிட்டது.

விதையின் பூர்வோத்தரத்தைக் கிளறினால் உள்ளூர்ப் பற்று சற்றுத் தடுமாறும். சிசிலியின் பெருமைகளில் ஒன்றாகப் பெயர் பெற்று, 2003-இல் ஐரோப்பியப் புவிசார் குறியீடும் அடைந்த பாக்கினோச் செர்ரித் தக்காளி, 1989-இல் ஓர் இஸ்ரேலிய விதைக் கம்பெனி கொண்டுவந்த கலப்பின விதையிலிருந்து வந்தது. பாலெர்மோவின் புறநகரான சியாக்குல்லியில் மார்ச் வரையில் பறிக்கப்படும் பின்பருவ மாண்டரின் ஆரஞ்சோ, 1940களில் அவானா ஜாதி மரத்தில் எவர் கையும் படாமல் நேர்ந்த மரபணு மாற்றத்தின் பலன். இத்தாலியப் பாஸ்தாவுக்கு நெடுங்காலம் மாவளித்த கிரேஸோக் கோதுமை, ரோமாபுரிக்கு அருகே கஸாச்சா அணுசக்தி ஆய்வு நிலையத்தில், கதிர்வீச்சினால் மாறுதலடைந்த ஒரு வர்க்கத்தைப் பெற்றோரில் ஒன்றாகக் கொண்டு பிறந்து, 1974-இல் வெளிவந்தது. கதிர்வீச்சினால் மரபணுவைக் கலைத்துப் பெற்ற பயிர்களுக்கு ஐரோப்பியச் சட்டம் விலக்களித்திருக்கிறது. குறித்த ஓரிடத்தில் மட்டும் நுட்பமாகத் திருத்தியவற்றுக்கு அவ்விலக்கு இல்லை என்று 2018-இல் அதே நீதிமன்றம் கூறிற்று. இந்த தர்க்கம் எனக்கு விளங்குவதில்லை. குலைநோயைத் தாங்கும்படி மிலான் பல்கலைக்கழகத்தார் அவ்விதம் திருத்திய நெல்லைப் பாவியா மாகாணத்தில் 2024-இல் பரீட்சார்த்தமாக நட்டபோது, சில வாரங்களுக்குள் யாரோ புகுந்து அதை நாசம் செய்துவிட்டார்கள்.

அப்படியானால் உள்ளூர்க் காய் வாங்குவதில் அர்த்தமே இல்லையா என்றால், உண்டு. அது வேறு இடத்தில் இருக்கிறது. ஜூலை மாதத்தில் பாலெர்மோச் சந்தைகளில் கைப்பிடி கைப்பிடியாகக் கட்டி விற்கும் தெனெரூமி என்பது சுரைக்கொடியின் கொழுந்தும் இளந்தளிருமேயன்றி வேறல்ல. உடைத்த ஸ்பாகெட்டியும் தக்காளியும் சேர்த்து அதைச் சூப்பாக வைத்து உண்கிறார்கள். காலையில் கிள்ளியது மாலைக்குள் துவண்டுவிடுமாகையால் தூர தேசப் பிரயாணத்துக்கு அது லாயக்கில்லை. நகரத்தைச் சூழ்ந்து தோட்டம் இருந்தால்தான் உண்டு. 1950களுக்குப் பின் கட்டடக்காரர்களும் அவர்களுக்குத் துணைநின்ற மாபியாக் கும்பலும் கொங்கா தோரோச் சமவெளியின் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோப்புகளை அடுக்குமாடிகளாக மாற்றியது போக எஞ்சியவற்றில் ஒன்றே சியாக்குல்லித் தோப்பு. அந்தப் பழத்தை வாங்க ஆள் இருந்தால்தான் அந்த நிலம் தோப்பாக நீடிக்கும். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணாநகரில் முதல் உழவர் சந்தையைத் திறந்தபோதும் கருத்து, இடைத்தரகர் கைக்குப் போகும் பணம் உழவர் கைக்கு வரவேண்டும் என்பதேயன்றி மரபணுவைப் பற்றியதன்று.

மரபணுவுக்குத்தான் ஒருவர் அஞ்சுகிறாரென்றால், காய்கறிக் கடையைவிட்டுக் கசாப்புக் கடைக்கும் பாற்கட்டிக் கடைக்கும் போய் அவர் விசாரிக்க வேண்டும். இத்தாலியக் கால்நடைகள் தின்னும் சோயாவில் பெரும்பகுதி பிரேஸில், அர்ஜென்டினா முதலிய தேசங்களிலிருந்து வருகிறது. அங்கே விளைவது ஏறத்தாழ முழுவதும் மரபணு மாற்றிய சோயா. 2003-ஆம் ஆண்டு ஐரோப்பிய விதிகளின்படி, உணவுப் பண்டத்தின் ஒரு மூலப்பொருளில் மரபணு மாற்றிய அம்சம் 0.9 சதவீதத்துக்கு மேற்பட்டால் அதை மேலட்டையில் சொல்லியாக வேண்டும். ஆனால் அத்தகைய தீவனத்தைத் தின்ற மாட்டின் பாலுக்கும் இறைச்சிக்கும் அந்த நிர்ப்பந்தம் கிடையாது. மதுரைத் தெருக்களில் அந்தி வேளையில் சுக்கும் கருப்பட்டியும் மணக்க விற்கும் பருத்திப்பாலை விட உள்ளூர் என்று சொல்லத்தக்க பானம் வேறில்லை. ஆனால் பி.டி. பருத்தி 2002-இல் அனுமதி பெற்று, இந்தியப் பருத்தி நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பரவிவிட்டபடியால், அந்தப் பாலுக்கு அரைத்த பருத்திக்கொட்டை பி.டி.யாக இருப்பதற்கே சாத்தியம் அதிகம். குடிப்பவருக்கு அதனால் கேடு என்று நான் சொல்ல வரவில்லை. அந்த நஞ்சு காய்ப்புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் வேலை செய்யும் ஒரு புரதம். மனித வயிற்றில் அது மற்றப் புரதங்களைப் போலவே செரித்துப்போகிறது.