டீசல் ஜீப்பில் எஞ்சின் சூடேறுவது ஏன்? காரணம் அறியும் முறைகள்

அவிநாசிப் பக்கமிருந்து தக்காளிக் கூடைகளை ஏற்றிக்கொண்டு திருப்பூர் உழவர் சந்தைக்கு வரும் டீசல் ஜீப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நெடுஞ்சாலையில் வரும்வரை வெப்பமானியின் முள் நடுவிலேயே நிற்கிறது. ராயபுரம் தெருக்களில் பனியன் கம்பெனி வேன்களுக்கிடையே ஊர்ந்து செல்லத் தொடங்கியதும் முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறுகிறது. மற்றொரு விவசாயியின் ஜீப் இதற்கு நேர்மாறானது. ஊருக்குள் எவ்வளவு நேரம் நின்றாலும் ஒன்றும் ஆவதில்லை. பாரத்துடன் மேட்டில் ஏறினால் மட்டும் தண்ணீர் கொதிக்கிறது.

இரண்டுக்கும் "எஞ்சின் சூடேறுகிறது" என்ற ஒரே பெயரைத்தான் சொல்கிறோம். ஆனால் பழுது ஒன்றல்ல. முதல் வண்டிக்கு ரேடியேட்டரை மாற்றுவதும், இரண்டாவது வண்டிக்கு ஃபேனை மாற்றுவதும் பெரும்பாலும் வீண் செலவாகவே முடியும். எப்போது சூடேறுகிறது என்பதைக் கவனித்தாலே எங்கே பழுது என்பதில் பாதி தெரிந்துவிடும். எனவே பட்டறைக்குச் செல்லும் முன் உழவர் பெருமக்கள் தாங்களே கவனித்து அறியக்கூடியவற்றை இக்கட்டுரையில் காண்போம். இங்கே கூறப்படுபவை டிராக்டருக்கும், தண்ணீரால் குளிர்விக்கப்படும் மற்ற டீசல் எஞ்சின்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

குளிர்விக்கும் முறை

டீசல் எஞ்சினில் எரியும் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி புகையோடும், குளிர்விக்கும் தண்ணீரோடும் வெப்பமாக வெளியேறுகிறது. வாட்டர் பம்ப் தண்ணீரை எஞ்சினுக்குள் சுற்றவைக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தெர்மோஸ்டாட் மூடியிருந்து, தண்ணீரை ரேடியேட்டருக்குச் செல்லவிடாமல் தடுக்கிறது. சுமார் 80 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் அது திறக்கத் தொடங்கும். பிறகு சூடான தண்ணீர் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குச் சென்று, காற்றினால் குளிர்ந்து, கீழ் ஹோஸ் வழியாக எஞ்சினுக்குத் திரும்புகிறது.

ரேடியேட்டர் மூடி வெறும் மூடியன்று; அது ஓர் அழுத்த வால்வு ஆகும். ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்திற்கும் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி உயர்கிறது. மூடியில் 0.9 என்று பொறித்திருந்தால் அது சுமார் 13 பவுண்டு அழுத்தம் தாங்கும். அப்போது தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வளையம் வெடித்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். குறைந்த விலையுள்ள இந்த மூடியை முதலில் பார்க்காமல் எஞ்சினைப் பிரிப்பது முறையன்று.

எப்போது சூடேறுகிறது?

1. நிற்கும்போதும் மெதுவாகச் செல்லும்போதும் சூடேறி, வேகம் எடுத்தால் குறைந்தால்: தண்ணீர் சுற்றுகிறது, காற்றுதான் போதவில்லை. ஃபேன் பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குல அளவே அமுங்க வேண்டும். தளர்ந்திருந்தால் இறுக்கவும், பளபளத்தும் வெடித்தும் இருந்தால் மாற்றவும். ஃபேனைச் சுற்றியுள்ள காற்றுக்கூடு உடைந்தோ கழற்றப்பட்டோ இருந்தால், ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் பக்கவாட்டிலிருந்தே இழுக்கும். புதிய வகை வண்டிகளில் சூட்டிற்கேற்ப வேகம் மாறும் ஃபேன் உண்டு. எஞ்சின் சூடாக இருக்கும்போது அதை நிறுத்திவிட்டு ஃபேனைக் கையால் சுற்றினால் இறுக்கம் தெரிய வேண்டும். தடையின்றிப் பல சுற்று சுற்றினால் அது பழுதாகியுள்ளது எனக் கொள்ளலாம்.

2. வேகத்திலும் பாரத்திலும் சூடேறி, நிறுத்தினால் குறைந்தால்: ரேடியேட்டர் குழாய்கள் உள்ளே அடைத்திருக்கலாம். வாட்டர் பம்பின் இறக்கைகள் தேய்ந்திருக்கலாம். கீழ் ஹோஸ் நைந்து, எஞ்சின் வேகமாகச் சுழலும்போது உள்வாங்கிச் சப்பையாகிவிடுவதும் உண்டு. எஞ்சினை நிறுத்திச் சூடு சற்றுத் தணிந்தபின் ரேடியேட்டரின் முகப்பை ஆங்காங்கே தொட்டுப் பார்க்கவும். சில இடம் சூடாகவும் சில இடம் குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்த இடத்துக் குழாய்கள் அடைந்துள்ளன என்பது பொருள்.

3. புறப்பட்ட சில நிமிடங்களிலேயே சூடேறினால்: தண்ணீர் குறைவாக உள்ளதா, உள்ளே காற்று அடைத்துக்கொண்டதா எனப் பார்க்கவும். இரண்டும் இல்லையெனில் தெர்மோஸ்டாட் திறக்காமல் இருக்கலாம். முள் ஏறிய பிறகும் மேல் ஹோஸ் குளிர்ந்திருப்பது அதன் அறிகுறி.

4. ஒழுக்கு எதுவும் தெரியாமல் தண்ணீர் நாள்தோறும் குறைந்தால்: இதுவே மிகவும் கவனிக்க வேண்டிய நிலை. குளிர்ந்த எஞ்சினை முடுக்கிய ஓரிரு நிமிடங்களிலேயே மேல் ஹோஸ் கல்போல இறுகுதல், ரேடியேட்டரில் தொடர்ந்து குமிழி வருதல், சைலன்சரில் வெண்புகை ஓயாமல் வருதல், எஞ்சின் ஆயில் மோர் போல வெளுத்தல் ஆகியவை ஹெட் கேஸ்கட் போய்விட்டதைக் காட்டும். இந்நிலையில் வண்டியை ஓட்டாமல் பட்டறைக்குக் கட்டி இழுத்துச் செல்வதே நல்லது. தொடர்ந்து ஓட்டினால் ஹெட்டே வளைந்தோ வெடித்தோ போகக்கூடும்.

5. முள் மட்டும் ஏறி, வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டால்: வெப்பமானியோ அதன் வயரோ பழுதாக இருக்கலாம். தொடாமல் வெப்பம் அளக்கும் கருவி இப்போது பல பட்டறைகளில் உள்ளது. தெர்மோஸ்டாட் உறையின் மேல் அதைக் காட்டி அளந்து, முள் காட்டுவதோடு ஒப்பிடவும். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டையும் இதே கருவியால் அளப்பது பயன் தரும். எஞ்சின் சூடாயிருக்கையில் இரண்டுக்கும் வேறுபாடு மிக அதிகமெனில் தண்ணீரின் ஓட்டம் குறைவு. வேறுபாடு மிகக் குறைவெனில் காற்று வெப்பத்தை எடுத்துச் செல்லவில்லை.

நான்கு சக்கர இயக்கத்தில் கவனிக்க வேண்டியவை

நான்கு சக்கரத்தையும் இணைத்து லோ கியரில் உழவுக்காட்டுச் சேற்றிலோ ஓடை மணலிலோ செல்லும்போது எஞ்சின் வேகமாகச் சுழலும்; வண்டியோ நடை வேகத்தில்தான் நகரும். எதிர்க்காற்று சிறிதும் கிடையாது. முழுச் சுமையும் ஃபேனின் மேலேயே விழுகிறது. சாலையில் நன்றாக ஓடும் வண்டி காட்டில் கொதிப்பதற்கு இதுவே முதல் காரணம்.

சேறும் புல் விதைகளும் ரேடியேட்டர் இதழ்களுக்கிடையே படிந்து காற்றை அடைத்துவிடும். திருப்பூர் வட்டாரத்தில் இதனுடன் பஞ்சுத் தூசியும் சேர்ந்துகொள்கிறது. கழிவுப் பஞ்சு ஏற்றும் வண்டிகளிலும், பனியன் கம்பெனிகளின் அருகே நிற்கும் வண்டிகளிலும் இதழ்களின்மேல் மெல்லிய கம்பளிபோலப் பஞ்சு படிவதுண்டு. ஏ.சி. உள்ள வண்டியில் இப்படிவு ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தங்கிவிடுவதால் வெளியிலிருந்து தெரியாது. எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கம் நோக்கி மிதமான வேகத்தில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவவும். அதிக அழுத்தத்தில் பீய்ச்சினால் இதழ்கள் மடிந்துவிடும்.

காட்டு வேலை முடிந்து தார்ச்சாலைக்கு வந்ததும், தேவைக்கு மட்டும் இணைக்கும் வகை வண்டிகளில் நான்கு சக்கர இயக்கத்தை விடுவிக்க மறக்கலாகாது. கெட்டியான தரையில் முன், பின் சக்கரங்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால் எஞ்சினுக்கு வீண் பாரம் ஏறும். பிரேக் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தாலும் இதே விளைவுதான்.

எந்தத் தண்ணீர் ஊற்றுவது?

நமது வட்டாரத்தில் ரேடியேட்டர் கெடுவதற்குப் பெரிய காரணம் நாம் அதில் ஊற்றும் தண்ணீரே எனலாம். துணிகளுக்குச் சாயமேற்றச் சாதாரண உப்பும் சோடியம் சல்பேட்டும் பெருமளவில் பயன்படுத்தப்படுகின்றன. பல ஆண்டுகள் சாயக்கழிவு நொய்யலில் கலந்ததால், கரையோரக் கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளும் உப்பாகிவிட்டன. பாசனத்திற்கென நொய்யலின் குறுக்கே 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையே சாயநீர்த் தேக்கமாக மாறியதை இப்பகுதி விவசாயிகள் அறிவர். கழிவுநீரை முற்றிலும் வெளிவிடாத ஏற்பாடு செய்யாத சாய ஆலைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. ஆனால் நிலத்தடியில் இறங்கிய உப்பு எளிதில் அகலுவதில்லை. பயிருக்கு ஆகாத தண்ணீர் எஞ்சினுக்கும் ஆகாது.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். லிட்டருக்கு 600 மில்லிகிராம் என்பது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் குடிநீருக்கு அனுமதிக்கப்படும் கடினத்தன்மையின் உச்ச அளவு. அத்தகைய தண்ணீரை நாளொன்றுக்கு ஒரு லிட்டர் வீதம் 100 நாள் ஊற்றினால், ஆவியாவது தண்ணீர் மட்டுமே. 60 கிராம் வரை உப்புப் பொருள்கள் உள்ளேயே தங்கும். இவை சிலிண்டர் சுவரிலும் ரேடியேட்டர் குழாயிலும் சுண்ணாம்பாகப் படியும். ஒரு மில்லிமீட்டர் படிவு, 20 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட வார்ப்பிரும்புச் சுவர்போல வெப்பத்தைத் தடுக்கும். குளோரைடு உப்போ உலோகத்தையே அரிக்கும்.

ஆகவே, தயாரிப்பாளர் கூறும் கூலண்டை, காய்ச்சி வடித்த தண்ணீருடன் சரிபாதியாகக் கலந்து ஊற்றவும். அது கிடைக்காதபோது ஆர்.ஓ. தண்ணீரோ, முதல் மழையைத் தவிர்த்துச் சுத்தமாகப் பிடித்த மழைநீரோ கலக்கலாம். உப்பில்லாத தண்ணீரை மட்டும் கூலண்ட் இன்றி ஊற்றினால் துருப்பிடிக்கும் என்பதையும் மறவாதீர்கள். கூலண்ட் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. குழந்தைகளும் கன்றுகளும் நாய்களும் எட்டாத இடத்தில் வைக்கவும்.

படிந்த சுண்ணாம்பைக் கரைக்கக் காஸ்டிக் சோடாவோ கழிப்பறை ஆசிட்டோ ஊற்றுவது தவறு. அலுமினியப் பாகங்களை அவை அரித்துவிடும். ரேடியேட்டரைக் கழற்றி, அனுபவமுள்ள ரேடியேட்டர் பட்டறையில் சுத்தம் செய்துகொள்ளவும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியலாமா?

சூடேறும் வண்டிக்குத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. இது தவறான வைத்தியம். எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராமல் டீசல் செலவு கூடும், தேய்மானமும் மிகும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்தான் சுற்றுவழியையும் அடைக்கிறது. அதைக் கழற்றினால் சுடுநீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றி, சூடு இன்னும் அதிகமாகும்.

சந்தேகமிருந்தால் அதைக் கழற்றி, ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்கவும். அதில் பொறித்துள்ள வெப்பநிலையை ஒட்டித் திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதிக்குமுன் நன்றாகத் திறந்துவிட வேண்டும். இல்லையெனில் அதே அளவுள்ள புதியதைப் பொருத்தவும்.

வழியில் சூடேறினால்

ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டர் இருந்தால் முழுவதும் திறக்கவும். அது எஞ்சினின் சூட்டில் ஒரு பகுதியை எடுத்துச் செல்லும். ஓரமாக நிறுத்தவும். தண்ணீர் வெளியேறாமல் இருந்தால், எஞ்சினை நிறுத்தாமல் பாரமின்றிச் சற்று வேகமாக ஓரிரு நிமிடம் ஓடவிடலாம். ஆவியோ தண்ணீரோ வெளியேறினால் உடனே நிறுத்திவிட வேண்டும். ஏறியிருந்த முள் திடீரென இறங்கினால் ஆபத்து நீங்கியதாக எண்ண வேண்டாம். தண்ணீர் முழுவதும் போய்விட்டால் உணர்வி வெறுமையில் நின்று குறைவாகக் காட்டக்கூடும்.

சூடாக இருக்கும்போது மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. கொதிநீர் பீறிட்டு முகமும் கையும் வெந்துவிடும். அரை மணி நேரத்திற்குக் குறையாமல் ஆறவிட்டு, தடித்த துணி போட்டு, முதலில் பாதி மட்டும் திருகி ஆவியை வெளியேற்றிய பின்னரே திறக்கவும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கக்கூடும்.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூலண்ட் அளவு, பெல்ட், ஹோஸ் ஆகியவற்றைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். எப்போது, எந்தச் சாலையில், எவ்வளவு பாரத்தில் முள் ஏறியது என்பதை ஒரு தாளில் குறித்து மெக்கானிக்கிடம் கொடுத்தால், அவர் தேவையற்றதைப் பிரிக்காமல் பழுதுள்ள இடத்தை விரைவில் கண்டறிய முடியும். உழவர் பெருமக்கள் இம்முறைகளைக் கையாண்டு வீண் செலவைத் தவிர்த்துப் பயன்பெற வேண்டுகிறோம்.