பள்ளிக்கூடத்தை மாற்றும் முன் பெற்றோர் கவனிக்க வேண்டியவை

“இனிமே அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எம்புள்ளய அனுப்ப மாட்டேன்.” லயத்திலும் பிரட்டுக்களத்திலும் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. பிள்ளை அடி வாங்கி வந்திருக்கும். அல்லது ஆசிரியர் ஒழுங்காக வகுப்புக்கு வருவதில்லை என்று தெரிய வந்திருக்கும். நம்பிக்கை போன இடத்துக்குப் பிள்ளையை அனுப்ப மனம் வராதுதான். ஆனால் முதலில் பிள்ளையை நிறுத்திவிட்டு, பிறகு வேறு பள்ளி தேடுவது ஆபத்து. ஒரு கிழமை ஒரு மாதமாகும். படித்த எழுத்து மறக்கும். தம்பி தங்கச்சியைப் பார்க்கும் வேலை அதன் தலையில் விழும். அதற்கப்புறம் பள்ளிக்கூடம் என்றாலே ஓடி ஒளியும். ஆகவே கீழே சொல்லும் ஒழுங்கில் செய்யுங்கள்.

1. பிள்ளையிடம் கேளுங்கள். ஐந்தாறு வயதுப் பிள்ளை நடந்ததைக் கோர்வையாகச் சொல்லாது. காலையில் வயிறு வலிக்குது என்று அழுவதும், இரவில் பாயை நனைப்பதும் பயத்தால் இருக்கலாம். மிரட்டாமல், பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்.

2. அதிபரைச் சந்தியுங்கள். தனியாகப் போகக் கூச்சமென்றால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் உள்ள ஒருவரைக் கூட்டிப் போங்கள். நடந்ததைத் திகதியோடு எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை அனுப்பியுள்ளது. பேசித் தீர்ந்தால் மாற்றவே தேவையில்லை. பிள்ளைக்குக் காயமோ வேறு துன்புறுத்தலோ நேர்ந்திருந்தால் காத்திருக்காமல் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்குச் சொல்லுங்கள்.

3. புதிய பள்ளியை நேரில் பாருங்கள். டவுன் பள்ளி என்றால் நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். அந்த வகுப்பில் இடம் உண்டா? சின்ன வகுப்புகளுக்கு ஆசிரியர் இருக்கிறாரா? எத்தனை கட்டை நடக்க வேண்டும்? மழை நாளில் ஆற்றைக் கடக்கணுமா? கூடப் போக பெரிய பிள்ளை உண்டா? வேன் காசை மாதாமாதம் கட்ட முடியுமா?

4. பத்திரங்களை எடுங்கள். புதிய அதிபர் சேர்க்கச் சம்மதித்த பின், பழைய பள்ளியில் விடுகைப் பத்திரம் கேளுங்கள். பிறப்புச் சான்றிதழையும் தயாராக வையுங்கள். தராமல் இழுத்தடித்தால் வலயக் கல்விப் பணிமனையில் எழுத்தில் முறையிடுங்கள். 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது 2016 முதல் சட்டம்.

5. பிள்ளையைத் தயார்படுத்துங்கள். “ஒம்மேல ஒரு தப்பும் இல்ல” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பழைய டீச்சரைப் பிள்ளைக்கு முன்னால் ஏசாதீர்கள். புதிய டீச்சரைக் கண்டும் அது பயப்படும். முதல் கிழமை தாயோ தகப்பனோ கூடப் போங்கள். அரைப் பேர் போனாலும் பரவாயில்லை. பிள்ளையின் பயத்தைப் பற்றிப் புதிய ஆசிரியரிடம் அமைதியாகச் சொல்லி வையுங்கள்.