கணக்கு விரைய வழி

1867ஆம் ஆண்டிற் கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலைத் தோட்டம் அமைத்தார். மலைநாட்டிலே தோட்டங்கள் பெருகப் பெருகக் கணக்கேடுகளும் பெருகின. ஏட்டின் ஒரு பக்கம் நிறைந்ததும் அதன் கூட்டுத்தொகையை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதிக்கொள்வது பழைய கணக்கு மரபு. முடிந்த பக்கங்களை எவரும் நாள்தோறும் மீளக் கூட்டுவதில்லை.

இன்று ஏட்டின் இடத்தைக் கணினியின் விரிதாள் பெற்றுள்ளது. மாத முடிவில் அறிக்கை அசைய மறுக்கிறதே என்று பலர் வருந்துகின்றனர். குறை பெரும்பாலும் கணினியினுடையதன்று. நாம் எழுதும் சூத்திரத்தினுடையது.

10,000 வரிகள் கொண்ட கணக்கொன்றை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும், முதல் வரியிலிருந்து அவ்வரி வரை கூட்டுமாறு பணித்தால், கணினி 5 கோடிக்கு மேற்பட்ட எண்களைப் படிக்கவேண்டும். மேல்வரித் தொகையோடு அவ்வரியின் எண்ணை மட்டும் கூட்டப் பணித்தாலோ, ஏறக்குறைய 20,000 எண்களே போதும். விடை ஒன்றே.

எக்செல்லில் ‘டுடே’, ‘ஒப்செட்’ போன்ற சார்புகள், எந்தக் கட்டம் மாறினும் தம்மையும் தம்மைச் சார்ந்தவற்றையும் மீளக் கணிக்கச் செய்வன. ஆதலின், அறிக்கையின் திகதியை ஒரு கட்டத்திற் கையால் எழுதுவதே நன்று. முடிந்த மாதங்களின் சூத்திரங்களை, மூலப்பிரதியொன்றைப் பேணிக்கொண்டு, எண்களாகவே நிலைநிறுத்துக. முன்னோர் ‘முன்பக்கத் தொகை’ எழுதியதும் இதுவே.

கணக்கு முடிந்தாலன்றிச் சம்பளம் புறப்படாது. அதனை எதிர்நோக்கும் வீடுகளுக்குத் தாமதம் சிறிய குறையன்று.