கண்ணாடியைச் சுற்றிய வெள்ளிக் கோடு

கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் கடந்து அக்கரைப்பற்றுக்குச் செல்லும் கரையோரப் பெருந்தெருவில், முச்சக்கர வண்டிகளுக்கும் பேருந்துகளுக்கும் இடையே, எப்போதாவது ஒரு மொறிஸ் மைனர் நிதானமாக உருண்டு வருகையில், முன் கண்ணாடியைச் சுற்றி ஓடும் அந்த மெல்லிய வெள்ளிக் கோடுதான் முதலில் என் கண்ணிற் படும். பீடிங் என்று கறாஜ்களில் வழங்கப்படும் அக்கோட்டை வெறும் அலங்காரமென்று எண்ணுவோர் பலர். அதைச் சரிவரப் பொருத்துவதில் அடங்கியிருக்கும் சாமர்த்தியத்தை அவர்கள் அறிந்தால் அவ்வாறு எண்ணமாட்டார்கள்.

1948 ஆம் ஆண்டு லண்டன் கண்காட்சியில் அறிமுகமான இக்கார், 1956 வரை நடுவே தண்டு நின்ற இரு தட்டைக் கண்ணாடிகளோடு வந்தது; அதன் பின்னரே வளைந்த ஒற்றைக் கண்ணாடி அமைந்தது. 1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்தமையால், நம் நாட்டார் இருந்த காரையே பழுது பார்த்துப் பேணக் கற்றனர். அந்தப் பயிற்சியின் பலனாக, 1990களில் மொறிஸ் மைனரின் தகட்டுப் பாகங்கள் இலங்கையிற் செய்யப்பட்டு, அதன் தாயகமான இங்கிலாந்துக்கே போயின.

கண்ணாடியைத் தாங்குவது றப்பர். அதன் ஒரு பள்ளம் கண்ணாடியின் விளிம்பைக் கவ்வுகிறது. மற்றொன்று காரின் தகட்டு விளிம்பைக் கவ்வுகிறது. வெளிமுகத்திலுள்ள ஒடுங்கிய பிளவிலே பீடிங் அமர்கிறது. 1876 இல் கம்பஹாவின் ஹெனரத்கொடையில் றப்பர்க் கன்றுகள் வேரூன்றிய நாட்டினர் நாம். ஆயினும் வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் அந்த றப்பரை வெடிக்கச் செய்து, வெடிப்பு வழியே உப்புக் காற்றின் ஈரம் புகுந்து, தகட்டைக் கறள் தின்னத் தொடங்குவதை நாம் பெரும்பாலும் காலந் தாழ்த்தியே கவனிக்கிறோம்.

ஆகவே முதல் வேலை, கறளைச் சுரண்டி விளிம்புக்குப் பூச்சிடுவது. அடுத்து, கண்ணாடியை மேசைமேல் மெத்தென்ற துணியிற் கிடத்தி, றப்பரை அதைச் சுற்றி மாட்டி, உலோகப் பீடிங்கையும் அப்போதே செருகிவிட வேண்டும்; காரிற் பொருத்திய பின் செருக முயன்று, கிடைத்தற்கரிய பீடிங்கை நெளித்துவிட்டு வருந்தியோரை நான் கண்டிருக்கிறேன். (நெகிழும் பிளாஸ்ரிக் பீடிங் வேறு ரகம், அதைப் பின்னர், கம்பி வளையமுள்ள சிறு கருவியால் இழுத்துச் செருகலாம்.) பின்பு தகட்டுக்குரிய பள்ளத்தில் உறுதியான கயிறொன்றைச் சுற்றி, முனைகள் கீழ்நடுவில் ஒன்றன்மேலொன்று படியுமாறு உள்ளே தொங்கவிட்டு, சவர்க்கார நீர் தடவிக் கண்ணாடியைச் சட்டத்தில் வைக்க, வெளியே நிற்பவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே அமர்ந்தவர் கயிற்றை மெல்ல மெல்ல இழுத்துவர, றப்பரின் உதடு தகட்டைத் தாண்டி உட்புறம் புரண்டு அமரும்.

"காக்கா, மெதுவா இழுங்க, மூலை இன்னும் ஏறல்ல" என்று வெளியிலிருந்து ஒரு குரல் கேட்கும். மூலைதான் எப்போதும் சோதனை. அங்கே அவசரப்பட்டுச் சுத்தியலைத் தொட்டால், பதமேற்றிய கண்ணாடி விளிம்பில் அடிபட்ட கணத்திலே பொடிப்பொடியாகச் சிதறும்.

இரண்டு பழக்கங்களை மட்டும் அன்பர்கள் கைவிட வேண்டும். எண்ணெயும் கிறீசும் இயற்கை றப்பரை ஊதச் செய்து கெடுப்பவை, அவற்றைத் தடவாதீர்கள். புளிப்பு வாடை வீசும் சிலிக்கன் பசையை வெளிப்புறம் அப்பி ஒழுக்கை மறைக்காதீர்கள். அதன் அமிலம் தகட்டை அரிப்பதோடு, உள்ளே சிக்கிய நீரையும் வெளியேற விடாது. ஒக்டோபரில் மழை இறங்குவதற்கு முன், ஒரு வாளி நீரைக் கண்ணாடியின் மேல் விளிம்பிலே ஊற்றிப் பாருங்கள். ஒழுகினால் றப்பரை மாற்றுங்கள், பழைய பீடிங்கை மட்டும் இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.