தேசம் நம் ஊருக்கு வந்த ஆண்டு



அரசும் மதமும் பண்பாடும் சேர்ந்தே தேசங்களை உருவாக்கின என்று வரலாற்றுப் பாடங்கள் சொல்கின்றன. யாருக்கான தேசத்தை உருவாக்கின என்ற கேள்வியை நம் மாவட்டத்திலேயே கேட்டுப் பார்ப்போம்.

கல்வராயன் மலை பல தலைமுறைகளாக சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார் வழியினரின் கையில் இருந்தது. கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை என்பது வழிவழியாக வரும் செய்தி. விஜயநகரம் மறைந்தது, கம்பெனி வந்து போனது, ஜாகீர் மட்டும் நின்றது. 1947இல் விடுதலை, 1950இல் அரசியல் சாசனம். ஆனால் மலையை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது 1976இல்தான்.

மலையில் மதத்துக்கும் பண்பாட்டுக்கும் வேறொரு வேலை இருந்தது. காஞ்சியிலிருந்து கரிராமன் தெய்வத்தோடு புறப்பட்ட மூன்று சகோதரர்கள் மூன்று மலைகளில் குடியேறினர் என்பது மலையாளிப் பழங்குடியினரின் கதை. மூன்று மலைகளில் பிரிந்து வாழ்வோரை அந்தக் கதை உறவாக்கியது.

சமவெளிக்கு இறங்குவோம். இங்கே அரசு எப்போதோ வந்துவிட்டது. சென்னை மாகாண ஆலய நுழைவுச் சட்டம் 1947லேயே நிறைவேறியது. அரசியல் சாசனத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆனால் எடுத்தவாய்நத்தம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் தலித் மக்கள் காலடி வைத்தது 2023 ஜனவரி 2, வைகுண்ட ஏகாதசி அன்று, போலீஸ் பாதுகாப்போடு. சட்டம் வந்து 75 ஆண்டுகளுக்குப் பிறகும் வாசலில் நின்று தடுத்தது 'வழக்கம்'. மலையில் உறவைச் சொன்ன மதமும் பண்பாடும் இங்கே ஊரையும் சேரியையும் பிரித்து வைத்தன. அரசு பார்த்துக்கொண்டிருந்தது.

ஆயிரக்கணக்கான சாதிகளாகப் பிரிந்து கிடக்கும் மக்கள் எப்படி ஒரு தேசமாக முடியும் என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கேட்டார். தேசம் இன்னும் உருவாகவில்லை என்று உணர்வதே நல்லது, அப்போதுதான் அதை உருவாக்கும் வழியைத் தேடுவோம் என்பது அவருடைய வாதம்.

ஆகவே மாணவர்கள் ஒரு வேலை செய்யலாம். உங்கள் ஊரில் நிலப் பட்டா, வாக்குரிமை, பொதுக்கிணறு, கோயில் வாசல் ஆகிய ஒவ்வொன்றும் சேரிக்கும் மலைக்கும் கிடைத்த ஆண்டைக் கேட்டு எழுதுங்கள். கிடைக்காததற்கு எதிரே வெற்றிடம் விடுங்கள். அந்த வெற்றிடங்களை நிரப்புவதே நம் அரசியல்.