கடல்கோளும் கால்வாயும்: பருவநிலை அச்சத்தைத் தமிழ் வகுப்பு எதிர்கொள்ளும் முறை

பருவநிலை மாற்றம் குறித்து மாணவரிடையே நிலவும் அச்சத்தைத் தமிழ் வகுப்பு எவ்வாறு எதிர்கொள்ளலாம் என்பதை இக்கட்டுரை நோக்குகிறது. 2021இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வொன்று, இந்தியா உள்ளிட்ட பத்து நாடுகளில் 16 முதல் 25 வயதுவரையுள்ள 10,000 இளையரை வினவியது. அவர்களுள் 59 விழுக்காட்டினர் மிகுந்த கவலை கொண்டிருந்தனர். சிங்கப்பூர் அப்பத்து நாடுகளுள் ஒன்றன்று. எனினும் இத்தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டர் உயரத்தைக்கூட எட்டாதது. நம் மாணவர் இக்கவலைக்கு அயலாராதல் அரிது.

நம் வகுப்புகளில் இப்பொருள் பெரும்பாலும் சுற்றுச்சூழல் கட்டுரையாகவே நுழைகிறது. முதற்பத்தியில் பேரழிவு வரும். இறுதிப்பத்தியில் 'மரம் வளர்ப்போம்' என்னும் முழக்கம் வரும். மதிப்பெண்ணுக்கு இது போதும். அஞ்சும் மாணவருக்குப் போதாது. இடையில் மனிதர் செய்தது என்ன என்னும் செய்தி விடுபட்டுப் போகிறது.

அச்செய்தியைத் தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. லிட்டில் இந்தியாவை ஒட்டிச் செல்லும் ரோச்சோர் கால்வாய் புக்கிட் தீமா பக்கத்து மழைநீரைச் சுமந்து வருவது. அந்நீரில் ஒரு பகுதியை மேற்கே திருப்பிவிடும் கால்வாய் 1972இல் முடிவுற்றது. 2008இல் திறக்கப்பட்ட மரீனா அணைக்கட்டு, கடல் ஏற்றத்தின்போது நீரை இறைத்து வெளியேற்றித் தாழ்பகுதிகளைக் காக்கிறது. 1970களில் ஏறத்தாழ 3,200 ஹெக்டேராக இருந்த வெள்ள அபாயப் பகுதி இன்று 30 ஹெக்டேருக்கும் குறைவு. இதனுடன், 2100க்குள் கடல்மட்டம் 1.15 மீட்டர்வரை உயரக்கூடும் என்னும் 2024ஆம் ஆண்டின் தேசிய ஆய்வு முடிவையும் மாணவர்முன் வைத்தல் வேண்டும். ஒன்றை மறைத்து மற்றொன்றைக் கூறுவது ஆறுதலாகாது. பதின்ம வயதினர் அதனை எளிதில் கண்டுகொள்வர்.

தமிழாசிரியரிடம் மற்றொரு கருவியும் உண்டு. 'கடல்கோள்' என்னும் சொல் நம் மரபில் பழையது. புகார் நகரைக் கடல் கொண்டதை மணிமேகலை கூறுகிறது. சங்கம் இருந்த ஊர்களைக் கடல் கொண்டபின் அது வேறிடத்தில் மீண்டும் கூடியதாக இறையனார் களவியலுரை கூறுகிறது. இவ்வுரைச் செய்தியை வரலாறாகக் கற்பித்தல் பொருந்தாது. ஆயினும் ஊரை இழந்தோர் எதனைத் தம்முடன் கொண்டுசென்றதாக அக்கதை எண்ணுகிறது என்று வினவலாம். வகுப்பில் விடைகள் பலவாக எழும்.

எழுத்துப் பயிற்சிக்கு முழக்கத்தினும் நேர்காணலே ஏற்றது என்பது எம் கருத்து. 1978 டிசம்பர் வெள்ளத்தை நினைவுகூரும் தாத்தா, பாட்டியர் பல குடும்பங்களில் உள்ளனர். நீர் எதுவரை ஏறியது, எதனை முதலில் தூக்கி வைத்தனர், எவர் வீட்டில் தங்கினர், வடிந்தபின் யார் யார் கூட்டிக் கழுவினர் என மாணவர் கேட்டு எழுதி வரட்டும்.