கழற்றி மாட்டும் லேப்டாப்! கூடுதல் காசு கொடுக்கலாமா?

லேப்டாப் கெட்டுப் போச்சா? "ரிப்பேர் பண்ண முடியாதுங்க, புதுசா வாங்கிடுங்க!" பல கடைகளில் இதுதான் பதில். மெல்லிசாகச் செய்வதற்காக, பல லேப்டாப்களில் மெமரியை போர்டோடு சேர்த்துப் பற்ற வைத்து விடுகிறார்கள். பிறகு எப்படி மாற்றுவது?

இந்தத் தொல்லைக்கு மாற்று வழி காட்டக் கிளம்பியது, அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் உள்ள 'பிரேம்வொர்க்' கம்பெனி. தொடங்கியவர் நிரவ் பட்டேல். 2021-ல் முதல் லேப்டாப் விற்பனைக்கு வந்தது. கூடவே ஒரு ஸ்குரூ டிரைவரும் கொடுத்தார்கள்! பேட்டரி, திரை, கீபோர்டு எல்லாவற்றையும் வாங்கியவரே கழற்றி மாட்டலாம்.

விலைதான் இடிக்கிறது

2021-ல், முழுதாகப் பூட்டி வந்த லேப்டாப்பின் ஆரம்ப விலை 999 டாலர். அதே வேலையைச் செய்யும் சாதாரண லேப்டாப் இதைவிட மலிவாகவே கிடைக்கும்.

அப்படியானால் லாபம் எங்கே? 2022-ல் வேகமான புது போர்டு வந்தது. அப்போது விலை 449 டாலர் முதல். பழைய பெட்டியிலேயே அதை மாட்டலாம். திரை, மெமரி எல்லாம் பழசே போதும். கழற்றிய போர்டும் வீணில்லை; தனிக் கம்ப்யூட்டராக ஓடும்.

ஆனால் ஒரு சிக்கல். 2023-ல் வந்த ஏ.எம்.டி. போர்டுக்குப் பழைய மெமரி பொருந்தாது. அதற்குத் தனிக் காசு!

யாருக்கு லாபம்?

மூணு வருஷத்தில் மாற்றுகிறவருக்கு இது வீண் செலவு. ஏழெட்டு வருஷம் வைத்து ஓட்டுகிறவருக்குக் கொடுத்த காசு திரும்பி வரும். அதுவும், அத்தனை வருஷமும் கம்பெனி பாகங்களை விற்றால்தான்!